கரி இல்லாத ஒரு நாள்

என் அண்ணனின் வேலையைப் பறிப்பதுதான் அன்று என் வேலை. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பறித்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் மாலை ஏழு மணிக்குத் தொடங்கிய சோதனை, வெள்ளி மாலை ஏழு மணிக்கு முடிய வேண்டும். இருபத்துநான்கு மணி நேரம் தமிழ்நாட்டில் ஒரு கைப்பிடிக் கரிகூட எரியாமல், காற்று, வெயில், அணை நீர், மின்கலம் ஆகியவற்றை மட்டும் நம்பி ஓட்டிக் காட்ட வேண்டும். பக்கத்து மாநிலங்களோடு இருந்த கம்பித் தொடர்பையும் பிரித்தாகிவிட்டது. அடுத்த வீட்டில் இரவல் வாங்கிச் சமாளித்தோம் என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? விதிகள் இரண்டே இரண்டு. கரி எரியக் கூடாது. ஒரு வீட்டுக்குக்கூட மின்சாரத்தை வெட்டக் கூடாது. ஒன்று தவறினாலும் தோல்வி, அடுத்த வாய்ப்பு ஐந்து ஆண்டு கழித்து. வென்றால், கரி விலக்குச் சட்டப்படி மாநிலத்தின் கடைசி அனல்மின் நிலையத்துக்கு அந்த நிமிடமே பூட்டு.

அந்தக் கடைசி நிலையம் கரிசல்குளத்தில் இருந்தது. அங்கே கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் தலைமை ஆபரேட்டர் பெயர் மாசானமுத்து. என் கூடப் பிறந்த அண்ணன்.

நான் செண்பகவல்லி. சென்னை லோடு சென்டரில் ஷிப்ட் இன்ஜினியர். மாநிலத்தில் எங்கே எவ்வளவு மின்சாரம் பிறக்கிறது, எங்கே எவ்வளவு செலவாகிறது என்பதைப் பார்த்து இரண்டையும் சமமாக வைத்திருப்பது எங்கள் வேலை. உண்மையில் அதைச் செய்வது 'தராசு' என்ற கணினி. நாங்கள் அதற்குத் துணைக்கு உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான். என் மேசையில் ஒரு சிவப்புத் தொலைபேசி. எடுத்தால் கரிசல்குளத்தில் அண்ணன் மேசையில் மட்டும்தான் மணி அடிக்கும். மணிக்கொரு தரம் எடுத்து, கடைசி நிலையம் தயாராக இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

ஐந்து மணிக்குக் கேட்டேன்.

"தயாராத்தான் இருக்கேன். நீ ஒரு வார்த்த சொன்னியன்னா நாலே நிமிசத்துல தீயப் போட்டுருவேன். காத்து எப்பிடி அடிக்கி?"

"செங்கோட்டப் பக்கம் பிச்சிக்கிட்டுப் போவுது, அண்ணே."

"சரிதான். கொஞ்சம் கொறையட்டும்னு காலனி மாரியம்மனுக்கு நேந்திருக்கேன். ஒண்ணும் நெனச்சிக்கிடாத பிள்ள."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அண்ணனுக்கு வயது ஐம்பத்துமூன்று. ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மின்கலப் பூங்காக்களில் பயிற்சியும் வேலையும் உண்டு. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு சால்வையும் ஒரு கைகுலுக்கலும். சோதனை தோற்று இன்னும் ஐந்து ஆண்டு நிலையம் ஓடினால், அவன் முழுசாக வேலை பார்த்து, முறையாக ஓய்வு பெற்று வெளியே வருவான். பத்தொன்பது வயதில் உள்ளே போனவன். என்னைப் பொறியியல் படிக்க வைத்தவன். என் கல்லூரி விடுதிக்குப் பார்க்க வரும்போதெல்லாம் காதோரத்தில் கரித்தூசி ஒட்டியிருக்கும். அதைத் துடைக்கச் சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை.

அப்படியானால் சோதனை தோற்கட்டும் என்று நான் நினைத்தேனா? இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன சித்திரையில் எங்கள் ஒரு தெருவில் மட்டும் மூன்று பேர் வெயிலில் செத்தார்கள். அதில் ஒருவர் எனக்கு இட்லி மாவு கொடுக்கும் அக்கா. பன்னிரண்டு மணிக்கு மாவு கொடுக்கக் கிளம்பியவர் தெருமுக்குவரை கூடப் போய்ச் சேரவில்லை. இந்தச் சோதனையை நான் வெறியோடு விரும்பினேன்.

மாலை ஆறு மணி. இருபத்துமூன்று மணி நேரம் முடிந்திருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அமைச்சர் வந்து உட்கார்ந்துவிட்டார். ஏழு மணிக்குப் பிரிப்பதற்காக இனிப்புப் பெட்டிகள் மேசையில் அடுக்கியிருந்தன. சுவரில் பெரிய எழுத்தில் 50.00 என்று ஒரு எண் பச்சையாக ஒளிர்ந்தது.

அமைச்சர் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். "அது ஏம்மா ஐம்பதுலயே நிக்குது?"

"நிக்கணும் மேடம். எல்லா ஜெனரேட்டரும் ஒரே வேகத்துல ஓடுதுன்னு அர்த்தம். செலவு கூடிட்டா வேகம் குறையும். பஸ் மேடு ஏறுறப்போ திணறுமே, அந்த மாதிரி."

"ரொம்பத் திணறினா?"

"நாற்பத்தொன்பதரைக்குக் கீழ போச்சுன்னா தராசு தானா சில இடங்களுக்குக் கரண்டை வெட்டிடும். இல்லேன்னா மொத்த மாநிலமும் இருட்டாயிடும்."

"அதுக்குத்தானே கரிசல்குளத்தைத் தயாரா வச்சிருக்கோம்? அவங்க இப்ப சும்மா உக்காந்திருக்காங்களா?"

"சும்மா இல்ல மேடம், சூடா உக்காந்திருக்காங்க. கொதிகலன் ஆறிப்போச்சுன்னா திரும்பப் பத்தவைக்க ஒரு நாள் ஆகும். அதனால கரி எரிக்காம, பெரிய பெரிய மின்சார ஹீட்டர் போட்டு அதைச் சூட்டுலயே வச்சுக்கிட்டு இருக்காங்க."

"நல்ல ஏற்பாடு," என்று சொல்லிவிட்டு அமைச்சர் இனிப்புப் பெட்டிகளைப் பார்த்தபடி தன் இருக்கைக்குத் திரும்பினார்.

சரியாக ஆறரை மணிக்கு அந்த எண் 49.91 ஆனது.

நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். 49.86. தேவைக் கோடு சுவர் ஏறுகிற பல்லி மாதிரி விறுவிறுவென்று மேலே போனது. தராசின் குரல் வந்தது, எப்போதும்போல அலட்டிக்கொள்ளாமல்: "எதிர்பார்த்ததைவிட எழுநூறு மெகாவாட் கூடுதல் தேவை. காரணம் அறியப்படவில்லை."

"காத்து விழுந்துடுச்சா?" என்று தலைமைப் பொறியாளர் தெய்வநாயகம் சார் ஓடி வந்தார்.

"இல்ல சார். காத்து அப்படியே இருக்கு. செலவுதான் எகிறுது."

"கூடுதல் தேவை ஆயிரத்து இருநூறு மெகாவாட்," என்றது தராசு. "காரணம் அறியப்படவில்லை."

எண் 49.74. அறையில் இருந்த பதினாலு பேரும் ஆளுக்கொரு திரையில் குற்றவாளியைத் தேடினோம். தொழிற்சாலை இல்லை, ரயில் இல்லை. எல்லாம் தெருக்கள். கன்னியாகுமரி முதல் கும்மிடிப்பூண்டி வரை சின்னச் சின்னத் தெருக்கள். ஒரே நிமிடத்தில் எல்லாரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி எதையோ போட்டிருக்கிறார்கள்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு கேன்டீன்காரர் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். அவரோடு கூடவே, பின்தெருக் கோயிலின் ஒலிபெருக்கிச் சத்தமும் வந்தது: "அடுப்பு ஆன் பண்ணாதவங்க சீக்கிரம் பண்ணுங்கம்மா! ஆறரைக்கு நல்ல நேரம் ஆரம்பிச்சிருச்சு! மூணாவது வெள்ளி, அம்மனுக்குப் பொங்கல்!"

சுவரைப் பார்த்தேன். எங்கள் அறையிலேயே தேதிக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. ஜூலை முப்பத்தொன்று. ஆடி மூன்றாம் வெள்ளி. கௌரி நல்ல நேரம் மாலை ஆறரை.

"சார், மின்னடுப்பு!" என்று கத்தினேன்.

"என்னது?"

"பொங்கல் சார்! போன ஆடி வரைக்கும் விறகு. இந்தத் தை மாசத்துலதான் புகையில்லா அடுப்புச் சட்டம் வந்துச்சு. பொது இடத்துல விறகு எரிக்கக் கூடாதுன்னு நாமதானே ஒவ்வொரு கோயில் கமிட்டிக்கும் இலவசமா மின்னடுப்பு கொடுத்தோம்? ஏழு லட்சம் அடுப்பு சார். எல்லாரும் காலண்டர் பாத்து ஒரே நிமிஷத்துல சுவிட்சைப் போட்டிருக்காங்க. தராசுக்கு ஆடி வெள்ளி தெரியாது!"

தராசுக்குத் தெரியாது, சரி. எங்களுக்கு? ஆடியில் காற்று நன்றாக அடிக்கும் என்று வரைபடம் போட்டுத் தேதி குறித்தோம். அன்று மத்தியானம்தான் நான் எங்கள் தெருவில் ஒரு சொம்பு கூழ் வாங்கிக் குடித்துவிட்டு ஷிப்டுக்கு வந்திருந்தேன். அதுமட்டுமல்ல, ஒவ்வொரு கமிட்டியும் கூடுதல் மின்சாரம் வேண்டி உள்ளூர்ப் பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தது. இரண்டாயிரத்து எண்ணூறு பிரிவு அலுவலகங்களில் அந்தக் காகிதங்கள் அழகாகக் கோப்பில் தூங்கின. கணினி பார்த்துக்கொள்ளும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். மாநிலமே அறிந்த ஒரு நாளை மாநிலத்தின் மூளையான நாங்கள் மறந்துபோனோம்.

49.63.

"இதோ துண்டிப்புப் பட்டியல்," என்றது தராசு. "முந்நூற்றுப் பதினோரு இணைப்புகள். குறைந்த முன்னுரிமை வரிசைப்படி."

பட்டியலைப் பார்த்ததும் எனக்குக் கோபம் கொப்பளித்தது. குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகள், காலனிகள், கிராமத்துத் தெருக்கள். ஒரு மால் இல்லை, ஒரு பெரிய ஹோட்டல் இல்லை. அவர்களெல்லாம் 'தடையில்லா ஒப்பந்தம்' போட்டவர்களாம். பட்டியலில் நாற்பத்தேழாவது வரி: கரிசல்குளம் அனல்மின் ஊழியர் காலனி.

பொங்கல் பானை பொங்குவதற்கு முன்னால் அடுப்பு அணைந்தால் என்ன ஆகும் என்று எந்தப் பொறியியல் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அங்கே நிற்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். அந்த வருடம் வீட்டில் நடக்கிற அத்தனை கெட்டதுக்கும் அந்த அணைந்த அடுப்புதான் காரணம் என்று ஆகிவிடும். கரியை விட்டால் இப்படித்தான் என்று ஆகிவிடும். அதற்கப்புறம் ஐந்து ஆண்டு இல்லை, ஐம்பது ஆண்டு ஆனாலும் எவரும் இந்தப் பேச்சை எடுக்க முடியாது.

தெய்வநாயகம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செண்பகம், போனை எடும்மா. அண்ணனைத் தீயைப் போடச் சொல்லு. தோத்தா தோத்துட்டுப் போறோம்."

"சார், பத்து நிமிஷம் குடுங்க."

"பத்து நிமிஷத்துல என்ன பண்ணுவ?"

"அந்தத் தற்காலிக இணைப்புக் காகிதத்துல கமிட்டித் தலைவர் போன் நம்பர் இருக்கும் சார். எல்லாக் கோயில்லயும் மைக் இருக்கு."

அவர் ஒரு நொடிதான் என்னைப் பார்த்தார். அதற்குள் நான் எல்லாப் பிரிவு அலுவலகங்களுக்கும் ஒரே நேரத்தில் போகும் லைனைத் திறந்துவிட்டேன். "லோடு சென்டர் பேசுறோம். உங்க ஏரியா கோயில் கமிட்டிக்கு உடனே போன் போடுங்க. அடுப்பை அணைக்க வேண்டாம். அடுப்பைத் தவிர மத்த எல்லாத்தையும் அணைக்கச் சொல்லி மைக்ல சொல்லச் சொல்லுங்க. காரணத்தையும் மறைக்காமச் சொல்லுங்க!"

49.57. 49.55. நான் நகத்தைக் கடிக்கிறவள் இல்லை. அன்று கடித்தேன்.

ஆறு நாற்பத்திரண்டுக்குப் பின்தெரு ஒலிபெருக்கி செருமியது. கதவை யாரோ திறந்தே வைத்திருந்தார்கள். "தாய்மாரே, ஒரு அவசரச் செய்தி! கரண்டு ஆபீஸ்ல இருந்து சொல்றாங்க. அம்மன் பொங்கல் பொங்கற வரைக்கும் வீட்ல ஏசி, மோட்டாரு, வாசிங்மிசினு எல்லாத்தையும் நிறுத்துங்க. சீரியல் செட்டும் இப்ப ஆப் பண்றோம். நம்ம பானை பொங்கணுமா வேணாமா? ஏய் தம்பிகளா, மாடி மாடியா ஓடிச் சொல்லுங்கடா!"

இது ஒரு தெரு. இதே மாதிரி எத்தனை ஆயிரம் தெருக்களோ! சுவரில் தேவைக் கோடு மெல்ல வளைந்தது. பிறகு சரிந்தது. நூறு மெகாவாட், இருநூறு, நானூறு. தோட்டத்து மோட்டார்கள் வரிசை வரிசையாக நின்றன. எங்கள் கட்டடத்தில் யாரோ ஏசியை நிறுத்தினார்கள், வியர்த்து வழிந்தது, யாரும் கவலைப்படவில்லை. 49.60. 49.66. பதினாலு பேரும் கைதட்டினோம். அமைச்சர் எழுந்து நின்றுவிட்டார். தராசு மட்டும், "தேவை குறைகிறது. காரணம் அறியப்படவில்லை," என்றது. அதைக் கேட்டு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரிப்பு அடங்குவதற்குள் இடி விழுந்தது. இந்தக் கூத்தில் மின்கலங்கள் நினைத்ததைவிட வேகமாகக் கரைந்திருந்தன. ஆறு ஐம்பத்துமூன்றுக்கு மேற்கே ஒரு மின்கலப் பூங்கா முழுவதும் காலியாகி நின்றது. 49.58. 49.54. அணைக்க வேண்டியதை எல்லாம் மக்கள் அணைத்துவிட்டார்கள். இனி கேட்க எதுவும் மிச்சமில்லை.

"பற்றாக்குறை நாற்பது மெகாவாட்," என்றது தராசு. "மூன்று நிமிடத்தில் துண்டிப்பு தொடங்கும்."

இருபத்தாறாயிரம் மெகாவாட் ஓடுகிற மாநிலத்தில் வெறும் நாற்பது!

"செண்பகம்," என்றார் தெய்வநாயகம் சார். இந்த முறை குரலில் கெஞ்சல் இருந்தது. "பானை பொங்கற நேரம் இது. வெட்டிட்டா பாவம்மா. அண்ணனைக் கூப்பிடு. அரைகுறை நெருப்பு வந்தாக்கூடத் தாங்கிக்கலாம்."

அவர் சொன்னது நியாயம். சிவப்புத் தொலைபேசியை எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எடுத்தபோது அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது. மாநிலம் தோற்கும், அண்ணன் ஜெயிப்பான். ஐந்து ஆண்டு.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

மத்தியானத்திலிருந்து ஒவ்வொரு தரமும் முதல் மணியிலேயே எடுத்தவன், இப்போது எடுக்கவில்லை. பத்துத் தரம், பதினைந்து தரம். 49.52. "அண்ணே, எடு. அண்ணே," என்று வாய்விட்டே சொன்னேன். 49.51. தெய்வநாயகம் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

49.53.

நான் இமைக்கவில்லை. 49.56. எங்கோ ஒரே இடத்தில், அடுத்தடுத்து, நாற்பத்திரண்டு மெகாவாட் செலவு குறைந்திருந்தது. 49.59. எண் அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றது. தொலைபேசி இன்னும் என் காதில் அடித்துக்கொண்டிருந்தது.

ஆறு ஐம்பத்தெட்டுக்குப் பின்தெருவில் ஒரு குலவை எழுந்தது. தொடர்ந்து இன்னொன்று. பிறகு தெருவே குலவை போட்டது. பானை பொங்கிவிட்டது! அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைய, சுவரில் எண் விறுவிறுவென்று ஏறியது. 49.80. 49.92. கடிகாரத்தில் ஏழு விழுந்தபோது 50.00.

அதற்கப்புறம் அந்த அறையில் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. யாரோ யாரையோ கட்டிப்பிடித்தார்கள். அமைச்சர் தன் கையாலேயே எல்லாருக்கும் லட்டு ஊட்டினார். கேன்டீன்காரர் தட்டைத் தட்டித் தாளம் போட்டார். ஒரு நாட்டின் புகை எப்படிக் குறையும் என்று இருபது வருடமாகக் கருத்தரங்கு நடத்தியவர்கள் எல்லாம் வாயில் லட்டோடு அழுதார்கள். நானும் குதித்தேன். குதித்துவிட்டு உட்கார்ந்து, அந்த நாற்பத்திரண்டு மெகாவாட் எங்கே குறைந்தது என்று தேடினேன்.

கரிசல்குளம் அனல்மின் நிலையம். கொதிகலன் ஹீட்டர்கள். மின்செலவு: பூஜ்யம். நேரம்: 6.56.

தொலைபேசி மணி அடித்தது. இந்த முறை அங்கிருந்து.

"என்ன பிள்ள, ஜெயிச்சிட்டியா?"

"அண்ணே... போன் அடிச்சேனே. ஏன் எடுக்கல?"

"கையில வேல கெடந்துச்சு. பன்னெண்டு ஹீட்டரு, ஒவ்வொண்ணா நிறுத்தணும்லா? அவசரத்துல நிறுத்துனா கொழா வெடிச்சிரும்."

"தெரிஞ்சேதான் பண்ணுனியா?"

"எனக்கும் இங்கன மீட்டர் இருக்கு. எறங்குறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். நீ எப்பக் கூப்பிடுவ, எப்பத் தீயப் போடலாம்னு கைய சுவிட்ச் மேலயே வச்சிக்கிட்டு நின்னேன். பெறவு யோசிச்சேன். ஊர்ல கெடக்கவன்லாம் வெளக்க அணைச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். நான் மட்டும், கூப்பிடுவாளா கூப்பிடுவாளான்னு, நாப்பது மெகாவாட்ட முழுங்கிக்கிட்டு நிக்கேன். வெளிய உன் மதினி வேற பானைய வச்சிட்டு நிக்கா. கொதி வரல."

நான் மூக்கை உறிஞ்சினேன்.

"நீ ஏன் அழுவுத? நேந்தது நேந்ததுதான், நாளைக்கு மாரியம்மன்ட்ட மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். மேலதிகாரி வந்து நிக்காரு. யாரைக் கேட்டு நிறுத்துனன்னு விளக்கம் எழுதிக் குடுக்கணுமாம். வச்சிரட்டா?"

"அண்ணே, இப்ப கொதிகலன்?"

அவனுக்குப் பின்னால் பெரிய இரும்பு சுருங்கும்போது வரும் சத்தம் மட்டும் கேட்டது, டொக், டொக் என்று.

"ஆறிக்கிட்டிருக்கு," என்றான்.

வைத்துவிட்டேன். என் திரையில் தராசு காத்துக்கொண்டிருந்தது. நாளின் பதிவை மூடுவதற்கு முன் ஒரு கட்டம் நிரம்பாமல் இருந்தது.

"மாலை 6.56. நாற்பத்திரண்டு மெகாவாட் குறைப்பு. காரணம் அறியப்படவில்லை. 'காத்திருப்பு நிலையத்தில் பழுது, ஊழியர் கவனக்குறைவு' எனப் பதியலாமா?"

வேண்டாம் என்று அழுத்தினேன்.

"நுகர்வோர் தாமாகக் குறைத்ததா?"

ஆம்.

"நுகர்வோர் வகை?" கீழே வரிசையாக வந்தன: வீடு, தொழிற்சாலை, விவசாயம், வழிபாட்டுத் தலம்.

முப்பத்துநான்கு வருடமாக அவன் எங்கே இருந்தான் என்று யோசித்தேன். பிறகு 'வீடு' என்பதைத் தொட்டேன்.